த்ரெட் பூலில் வேலையைப் போட்டுவிட்டு மறந்தால் என்னென்ன ஆகும்

பில் மெயில் வரவில்லை என்று சில வாடிக்கையாளர்களிடமிருந்து மூன்று வாரமாகப் புகார் வந்துகொண்டே இருந்தது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், ஆர்டர் முடிந்ததும் பில்லை பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்புகிற வேலையைப் பின்னணியில் ஒரு த்ரெட் பூலில், அதாவது வருகிற வேலைகளை மாறி மாறி எடுத்துச் செய்கிற த்ரெட்டுகளின் கூட்டத்தில், போட்டிருந்தோம். ஜாவாவில் எல்லாரும் எழுதுகிற மாதிரிதான், பூலை நடத்த ஒரு எக்சிக்யூட்டர், அதில் வேலையைப் போட ஒரு சப்மிட். லாக் முழுக்கத் தேடியும் ஒரு எரர் வரி கூட இல்லை, மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களைக் கேட்டால் எங்களிடம் எதுவும் வந்து சேரவே இல்லை என்றார்கள். கடைசியில் சப்மிட் என்று இருந்ததை எக்சிக்யூட் என்று மாற்றி டிபிளாய் செய்தோம். பத்து நிமிடத்தில் நல் பாயின்டர் எக்செப்ஷன் (இல்லாத மதிப்பைத் தொட்டால் வருகிற எரர்) கொட்ட ஆரம்பித்தது. ஜிஎஸ்டி எண் கொடுக்காத வாடிக்கையாளர்களுக்கு ஒரு ஃபீல்ட் காலியாக இருந்திருக்கிறது, அந்த வேலைகள் எல்லாம் பிடிஎஃப் ஆவதற்கு முன்னாலேயே செத்துப்போயிருக்கின்றன.

அது ஏன் லாகில் வரவில்லை? எக்சிக்யூட் மூலமாகப் போட்ட வேலையில் எக்செப்ஷன் வந்தால், அந்த த்ரெட் செத்து, எரர் வெளியே அச்சாகி, பூல் அதற்குப் பதில் இன்னொரு த்ரெட்டை உருவாக்கிக்கொள்ளும். சப்மிட் அப்படி இல்லை. அது ஒரு ஃபியூச்சரை, அதாவது பின்னால் வரப்போகிற பதிலுக்கான டோக்கனை, கையில் கொடுக்கிறது, எக்செப்ஷன் வந்தால் அதைப் பிடித்து அந்த ஃபியூச்சருக்குள் வைத்துவிடுகிறது, நீங்கள் கெட் கூப்பிடும்போதுதான் அது வெளியே வரும். கெட் கூப்பிடவே இல்லை என்றால் கிணற்றில் போட்ட கல்தான். பைத்தானின் த்ரெட் பூல் எக்சிக்யூட்டரிலும் இதே கதை, அங்கே ரிசல்ட் என்று கூப்பிட வேண்டும். எனவே பதிலை வாங்கப்போவதில்லை என்றால், வேலையின் உடம்பு முழுவதையும் ஒரு ட்ரை கேட்ச்சுக்குள் வைத்து, எந்த ஆர்டர் எண்ணுக்காக ஓடியது என்பதையும் சேர்த்து லாக் எழுதுங்கள். ஆர்டர் எண் இல்லாத எரர் லாகை வைத்துக்கொண்டு இரவு 2 மணிக்கு ஒன்றும் செய்ய முடியாது.

இதைவிட மோசமானது ஷெட்யூல்டு எக்சிக்யூட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்று போட்ட வேலை ஒரே ஒரு தடவை எக்செப்ஷன் எறிந்தால் போதும், அதற்கப்புறம் அது ஓடவே ஓடாது, சத்தமும் வராது. டேட்டாபேஸ் ஒரு நிமிடம் விழுந்து எழுந்ததால் கேஷ் புதுப்பிக்கிற வேலை நிரந்தரமாக நின்றுபோய், நாள்கணக்கில் பழைய விலையையே காட்டிக்கொண்டிருந்த ஒரு சிஸ்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கியூ. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் பூல் என்றதும் எல்லாரும் எத்தனை த்ரெட் என்றுதான் யோசிக்கிறார்கள், வேலைகள் எங்கே காத்திருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. நியூ ஃபிக்ஸ்டு த்ரெட் பூல் என்று ஒரே வரியில் உருவாக்குகிறோமே, அதற்குப் பின்னால் இருக்கிற கியூவின் கொள்ளளவு 214 கோடிக்கு மேல், அதாவது நடைமுறையில் எல்லையே கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 த்ரெட் இருக்கிறது, ஒரு வேலைக்கு 400 மில்லி செகண்ட் ஆகிறது என்றால் நொடிக்கு 50 வேலை முடியும். நொடிக்கு 60 வேலை வந்தால்? ஒவ்வொரு நொடியும் 10 வேலை பாக்கி விழும், ஒரு மணி நேரத்தில் 36,000. அப்போது வந்து சேர்கிற புது வேலை தன் முறைக்கு 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வேலையும் 20 கேபி ஆர்டர் விவரத்தைச் சுமந்துகொண்டு நின்றால் ஹீப்பில் (ஜாவாவின் மெமரியில்) 720 எம்பி அதற்கே போய்விடும். இத்தனைக்கும் 20 த்ரெட்டும் ஒழுங்காக வேலை செய்துகொண்டே இருக்கும், எரர் எதுவும் இருக்காது, கடைசியில் அவுட் ஆஃப் மெமரி வந்து முழு சர்வரும் விழும்போதுதான் தெரியும்.

நியூ கேஷ்டு த்ரெட் பூல் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் தவறு செய்கிறது. அதில் காத்திருக்க இடமே இல்லை, சும்மா இருக்கிற த்ரெட் கிடைக்காவிட்டால் உடனே புதிதாக ஒன்று உருவாகும், எத்தனை வேண்டுமானாலும். கூட்டம் சேர்கிற நேரத்தில் சில ஆயிரம் த்ரெட் முளைத்து ஆபரேட்டிங் சிஸ்டமே திணறும்.

சரி, நாமே எல்லாவற்றையும் குறிப்பிட்டு த்ரெட் பூல் எக்சிக்யூட்டரை உருவாக்கலாம் என்று வந்தால் அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. கோர் (வழக்கமாக வைத்திருக்கிற த்ரெட்) 10, மேக்ஸ் (அதிகபட்ச த்ரெட்) 50, கியூ 1,000 என்று வைக்கிறோம், கூட்டம் வந்தால் த்ரெட் 50 வரை ஏறும், அதற்கு மேல் போனால் கியூவில் நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது வேறு. 10 த்ரெட்டும் உருவான பிறகு வருகிற 11ஆவது வேலை கியூவுக்குத்தான் போகும், கியூவில் 1,000 நிரம்பிய பிறகுதான் 11ஆவது த்ரெட் பிறக்கும். அந்தப் புது த்ரெட்டும் கியூவில் முதலில் நிற்பவரை எடுக்காது, கடைசியாக வந்து இடமில்லாமல் நின்ற வேலையைத்தான் முதலில் எடுக்கும். கியூவுக்கு எல்லையே வைக்காவிட்டால் அந்த மேக்ஸ் 50 என்பது வெறும் அலங்காரம், அந்த எண்ணிக்கையை பூல் ஒருநாளும் தொடாது. டாம்கேட் என்கிற ஜாவா வெப் சர்வர், இந்த வரிசை தனக்கு ஒத்துவராது என்று, த்ரெட்டை முதலில் மேக்ஸ் வரை ஏற்றிவிட்டு அப்புறம் கியூவில் போடுகிற மாதிரி சொந்தமாக மாற்றி வைத்திருக்கிறது. டாம்கேட்டில் பழகிய கண்ணோடு சாதாரண ஜாவா பூலைப் பார்ப்பதாலும் இந்தக் குழப்பம் வருகிறது.

கியூவும் த்ரெட்டும் நிரம்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இயல்பாக ரிஜெக்டட் எக்செப்ஷன் வரும், அதைப் பார்த்துப் பயந்து டிஸ்கார்ட் பாலிசி வைக்காதீர்கள், அது வேலையைச் சொல்லாமல் குப்பையில் போடும். பெரும்பாலான இடங்களில் எனக்குப் பிடித்தது காலர் ரன்ஸ் பாலிசி. இடமில்லை என்றால் வேலையைக் கொண்டுவந்த த்ரெட்டே அதைச் செய்துவிட்டுப் போக வேண்டும், அதனால் புது வேலை வருகிற வேகம் தானாகக் குறையும். ஆனால் கொண்டுவருவது நெட்டி மாதிரியான நெட்வொர்க் லைப்ரரியின் ஈவென்ட் லூப் த்ரெட், அதாவது பல கனெக்‌ஷன்களை ஒன்றாகவே பார்த்துக்கொள்கிற த்ரெட், என்றால் இதை வைக்கவே கூடாது, அது நின்றால் அதை நம்பியிருக்கிற எல்லா கனெக்‌ஷனும் சேர்ந்து நிற்கும்.

இப்போது, பார்த்தாலே ஆளைக் குழப்புகிற ஒன்று. சர்வர் பதில் சொல்லவில்லை, சிபியு கிட்டத்தட்ட பூஜ்யம், மெமரியும் நிறைய இருக்கிறது. இப்படி ஒரு நாள் ஜேஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று காட்டுகிற பட்டியல்) எடுத்துப் பார்த்தோம். பூல் 3 த்ரெட் 1, வெயிட்டிங், ஃபியூச்சர் டாஸ்க் கெட். பூல் 3 த்ரெட் 2, வெயிட்டிங், அதே கெட். பத்தாவது த்ரெட் வரை அதே வரிதான். விஷயம் என்னவென்றால், ஒரு ரிப்போர்ட் தயார் செய்கிற வேலை, தன் உள்ளே இருக்கிற துணை வேலைகளையும் அதே பூலில் சப்மிட் செய்துவிட்டு அவை முடிவதற்காகக் காத்திருந்தது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் ரிப்போர்ட் கேட்டதும் பத்து த்ரெட்டையும் பத்துத் தாய் வேலைகள் பிடித்துக்கொண்டன, துணை வேலைகள் கியூவில் நின்றன, தாய் விட்டால்தான் துணைக்கு த்ரெட், துணை முடிந்தால்தான் தாய் விடும். டெஸ்ட் செய்யும்போது இரண்டு பேர் மட்டும் கேட்டதால் இது வெளியே தெரியவே இல்லை. துணை வேலைக்குத் தனிப் பூல் வையுங்கள், அல்லது கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரின் (முடிந்ததும் அடுத்த வேலையைத் தானே தொடங்குகிற ஃபியூச்சர்) தென் கம்பைன் போன்றவற்றால் காத்திருக்காமல் கோத்துவிடுங்கள். பூல் அளவை 10லிருந்து 20 ஆக்குவது தீர்வு ஆகாது, பத்துப் பேருக்குப் பதில் இருபது பேர் கேட்கும் நாளில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சர் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதில் வேலையைத் தொடங்குகிற சப்ளை ஏசிங்குக்கு எக்சிக்யூட்டரைக் கொடுக்காமல் விட்டால், வேலை பொதுவான ஃபோர்க் ஜாயின் பூலுக்குப் போகும். 8 சிபியு கோர் உள்ள மெஷினில் அதற்கு 7 த்ரெட்தான், அதையேதான் பேரலல் ஸ்ட்ரீமும் பயன்படுத்துகிறது. அங்கே போய் ஹெச்டிடிபி கால் போட்டு உட்கார்ந்துவிட்டால், சம்பந்தமே இல்லாத இன்னொரு மூலையில் இருக்கிற கோடு மெதுவாகும். கன்டெய்னருக்கு ஒரே ஒரு சிபியு கொடுத்திருந்தால், ஜாவா 21 போன்ற பதிப்புகளில், அந்தப் பொதுப் பூலையே விட்டுவிட்டு வேலைக்கு ஒரு த்ரெட் என்று உருவாக்க ஆரம்பிக்கும். எக்சிக்யூட்டரை எப்போதும் நீங்களே கொடுங்கள்.

எத்தனை த்ரெட் வைப்பது? கணக்குப் போடுகிற வேலை என்றால் சிபியு கோர் எத்தனையோ அத்தனை. காத்திருக்கிற வேலை என்றால் கோர் எண்ணிக்கையை, ஒன்றுடன் காத்திருக்கும் நேரத்துக்கும் சிபியு நேரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டிப் பெருக்குங்கள். 8 கோர், 90 மில்லி செகண்ட் காத்திருப்பு, 10 மில்லி செகண்ட் சிபியு என்றால் 80 வரும். ஆனால் இதை அப்படியே கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், அந்த 80 பேரும் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டேட்டாபேஸுக்காக என்றால், ஹிகாரி என்கிற கனெக்‌ஷன் பூலில் இயல்பாக இருப்பது 10 கனெக்‌ஷன்தான், மிச்சம் 70 பேரும் அதற்கு வரிசையில் நிற்பார்கள், 30 நொடிக்குள் முறை வராதவர்கள் டைம்அவுட் ஆவார்கள், கூடவே வெப் ரெக்வெஸ்ட்டுகளுக்கும் கனெக்‌ஷன் கிடைக்காமல் போகும்.

டைம்அவுட்டிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. கெட்டுக்கு 5 நொடி கொடுத்தால், 5 நொடியில் நீங்கள் காத்திருப்பதை விடுவீர்கள், உள்ளே வேலை தன் பாட்டுக்கு ஓடும், த்ரெட் திரும்பாது. கேன்சல் கூப்பிட்டாலும் அது இன்டரப்ட் என்று தட்டிப் பார்க்கும் அவ்வளவுதான், பழைய பாணி சாக்கெட்டில் படிக்கக் காத்திருக்கிற த்ரெட் அதைக் கண்டுகொள்ளாது. ஹெச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனில் நீங்கள் ரீட் டைம்அவுட் வைக்காவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு சர்வர் தொங்கினால் உங்கள் 20 த்ரெட்டும் ஒவ்வொன்றாகப் போய் அங்கே மாட்டும். டைம்அவுட்டை வெளியே கெட்டில் வைப்பதற்கு முன்னால் உள்ளே கனெக்‌ஷனில் வையுங்கள். இன்டரப்டட் எக்செப்ஷனைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விடுகிற காலி கேட்ச்சும் வேண்டாம், இன்டரப்ட் நிலையைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

த்ரெட் லோக்கல், அதாவது ஒரு த்ரெட்டோடு ஒட்டியே இருக்கிற மதிப்பு, அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலை ஒழுங்காக முடிந்தால் பூலில் த்ரெட் சாவதில்லை, ஒரு வேலை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கிறது. முதல் வேலை அதில் வாடிக்கையாளர் எண்ணை வைத்துவிட்டு அழிக்காமல் போனால் அடுத்த வேலை அந்த எண்ணோடு ஓடும், ஒருவர் விவரம் இன்னொருவருக்குப் போகும். ஃபைனலியில் ரிமூவ் எழுதுங்கள், மறந்து தொலைக்கிற இடம் இது. த்ரெட்டுகளுக்குப் பெயரும் வையுங்கள், பூல் 3 த்ரெட் 7 என்பதைவிட பில் மெயில் 7 என்று இருந்தால் ஜேஸ்டாக்கைப் பார்த்த நொடியில் எங்கே சிக்கல் என்று புரியும்.

ஜாவா 21இல், 2023 செப்டம்பரில், வர்ச்சுவல் த்ரெட் (ஜாவாவே நிர்வகிக்கிற இலகுவான த்ரெட்) வந்த பிறகு பலர் அதையும் பூலில் அடைக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை, அவை மலிவானவை, வேலைக்கு ஒன்று உருவாக்கலாம். டேட்டாபேஸ் பக்கம் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் போகக்கூடாது என்றால் அதற்கு ஒரு செமஃபோர் (ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று எண்ணி உள்ளே விடுகிற பூட்டு) வையுங்கள்.

கடைசியாக, ஷட்டவுன். கன்டெய்னர்களை நடத்துகிற குபர்நெட்டீஸ், ஒரு பாட் (உங்கள் புரோகிராம் ஓடுகிற அலகு) நிறுத்தும்போது முதலில் சிக்டெர்ம் என்கிற நிறுத்தச் சிக்னலை அனுப்பி, இயல்பாக 30 நொடி கொடுத்து, அப்புறம் கொன்றுவிடும். நீங்கள் ஷட்டவுனும் அவெய்ட் டெர்மினேஷனும் எழுதாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கிற வேலை பாதியில் அறுபடும், எழுதினாலும், முன்பு போட்ட கணக்கின்படி கியூவில் 36,000 வேலை நின்றால் 30 நொடியில் 1,500தான் முடியும், மிச்சமெல்லாம் அந்தப் பிராசஸின் மெமரியோடு போய்விடும். அதனால்தான் எங்கள் பில் மெயில் வேலையை அப்புறம் மாற்றினோம். ஆர்டரை டேட்டாபேஸில் எழுதுகிற அதே டிரான்சாக்‌ஷனில், அனுப்ப வேண்டிய மெயில் என்று இன்னொரு டேபிளில் ஒரு வரி எழுதுகிறோம், பூல் அந்த டேபிளிலிருந்து எடுத்துச் செய்கிறது, மெயில் போன பிறகுதான் அந்த வரி முடிந்ததாகக் குறிக்கப்படும். மெயில் போய், குறிப்பதற்குள் பாட் செத்தால் ஒரே பில் இரண்டு தடவை போகும். அது பரவாயில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம், பணம் எடுக்கிற வேலையாக இருந்திருந்தால் அப்படி விட்டிருக்க முடியாது.