எச்டி வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதா? எங்கே இடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒலி சீராக வந்துகொண்டே இருக்கும், படம் மட்டும் நின்று நின்று தாவும். சில நேரம் ஆள் பேசி முடித்த பிறகு உதடு அசையும். பழைய வீடியோக்கள் எல்லாம் நன்றாக ஓடுகிற அதே கணினியில், புதிதாக எடுத்த 4கே வீடியோவைத் திறந்ததும் இப்படி ஆகும். இதற்கு யாரைக் கேட்டாலும் முதலில் வரும் யோசனை "ரேம் கூட்டுங்க", அடுத்தது "கோடெக் பேக் போடுங்க" (கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் மென்பொருள்). பெரும்பாலும் இரண்டுமே வீண் வேலை. வீடியோ ஓட்ட அவ்வளவு ரேம் தேவையில்லை. விஎல்சி போன்ற பிளேயர்கள் தேவையான கோடெக்குகளைத் தம்முள்ளேயே வைத்திருப்பதால், வெளியிலிருந்து பேக் போட்டாலும் அவற்றுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

ஒரு வீடியோ ஓட மூன்று வேலை நடக்க வேண்டும். கோப்பைப் படிக்க வேண்டும், சுருக்கி வைத்திருப்பதை விரிக்க வேண்டும் (இதைத்தான் டிகோட் என்கிறோம்), விரித்த படத்தை நேரம் தவறாமல் திரையில் காட்ட வேண்டும். நொடிக்கு 24 பிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 42 மில்லி நொடி. 60 பிரேம் என்றால் 17-க்கும் குறைவு. அதற்குள் முடியாத பிரேமைப் பிளேயர் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். உங்கள் கண்ணுக்குத் தெரியும் தாவல் அதுதான். மூன்றில் எது தாமதம் செய்கிறது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலை. கீழே சொல்லியிருப்பவை விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானவை.

படி 1: சோதனைக்கு ஒரே துண்டு

எந்த வீடியோவில், எந்த நிமிடத்தில் மோசமாகத் திக்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகமாக அசையும் காட்சி, மழை, நீரலை, கூட்டம் உள்ள இடம் என்றால் நல்லது. டிகோட் செய்யக் கடினமானவை அவைதான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே துண்டையே ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். நான்கு அமைப்புகளைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்றே தெரியாது.

படி 2: விழுந்த பிரேம்களைப் பாருங்கள்

விஎல்சியில் வீடியோ ஓடும்போது கன்ட்ரோலுடன் ஜே விசையை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் 'கோடெக்' தாவல் இருக்கும். அதில் வீடியோ எந்த வகை (எச்.264, எச்இவிசி, ஏவி1...), அளவு என்ன, நொடிக்கு எத்தனை பிரேம் என்று எழுதியிருக்கும். இதைக் குறித்து வைத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' தாவலுக்குப் போங்கள். அங்கே 'லாஸ்ட்' என்ற வரியில் உள்ள எண்தான் முக்கியம். சாளரத்தை மூடாமல் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கவனியுங்கள். வீடியோ தொடங்கும்போது இரண்டு மூன்று விழுவதைப் பொருட்படுத்த வேண்டாம். படம் தாவும் ஒவ்வொரு முறையும் அந்த எண் துள்ளி ஏறினால், கணினிக்கு வேலை முடியவில்லை என்று அர்த்தம். எண் அப்படியே நிற்க, படம் மட்டும் வெட்டுவது போல் தெரிந்தால் நேராகப் படி 7-க்குப் போய்விடுங்கள். உங்கள் சிக்கல் திரையில் இருக்கிறது.

படி 3: யார் மூச்சுவாங்குகிறார்கள்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'பர்ஃபார்மன்ஸ்' பகுதியில் முதலில் சிபியூ. மேலே காட்டும் மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். 'மொத்தமே 30 சதவீதம்தானே' என்று தோன்றும். ஆனால் சிபியூவுக்குள் இருக்கும் பல கோர்களில் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில்) ஒன்று மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கலாம். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'லாஜிக்கல் பிராசஸர்ஸ்' என்று மாற்றினால் ஒவ்வொரு கோரும் தனித்தனிக் கட்டமாகத் தெரியும்.

அடுத்து ஜிபியூவை (கிராபிக்ஸ் சிப்பை) தட்டுங்கள். அங்குள்ள சிறு வரைபடங்களில் 'வீடியோ டிகோட்' என்று ஒன்று இருக்கும். சில கார்டுகளில் 'வீடியோ கோடெக்' என்று போட்டிருக்கும். வீடியோ ஓடும்போது அது அசைகிறதா? அசைந்தால் டிகோட் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பு செய்கிறது. அது பூஜ்யத்தில் படுத்துக்கிடக்க, சிபியூ கட்டங்கள் நிரம்பி வழிந்தால் உங்கள் குற்றவாளி கிடைத்துவிட்டார். எச்டி வீடியோ திக்குவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான்.

அதே டாஸ்க் மேனேஜரின் 'பிராசஸஸ்' பகுதியில், பின்னணியில் வைரஸ் ஸ்கேனோ, விண்டோஸ் அப்டேட்டோ, கிளவுட் சேமிப்போ சிபியூவைத் தின்றுகொண்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அது முடிந்ததும் வீடியோ தானாகச் சரியாகிவிட்டால் வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

படி 4: டிகோட் வேலையைக் கிராபிக்ஸ் சிப்புக்கு மாற்றுங்கள்

1080பி வீடியோவின் ஒரு பிரேமில் சுமார் 20 லட்சம் பிக்சல்கள். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 83 லட்சம். இதைச் சிபியூ கணக்குப் போட்டு விரிப்பது ஒரு வழி. கிராபிக்ஸ் சிப்புக்குள் இந்த ஒரு வேலைக்கென்றே செதுக்கிய சுற்றிடம் கொடுப்பது இன்னொரு வழி. அந்தச் சுற்று குறைந்த மின்சாரத்தில், அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். ஆனால் அதற்குத் தெரிந்த வகைகளை மட்டும்தான் செய்யும்.

விஎல்சியில் 'டூல்ஸ்', 'பிரிஃபரன்சஸ்', 'இன்புட் / கோடெக்ஸ்' என்று போங்கள். 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்' என்ற இடத்தில் 'டிசேபிள்' என்று இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். சேமித்து, விஎல்சியை மூடித் திறந்து, அதே துண்டை ஓட்டுங்கள். ஏற்கெனவே ஆட்டோமேட்டிக் என்றிருந்தும் திக்கினால் 'டைரக்ட்3டி11' வகையையும் 'டிஎக்ஸ்விஏ 2.0' வகையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். சில பழைய டிரைவர்களில் (கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸுடன் பேச வைக்கும் மென்பொருளில்) இரண்டில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

இன்னும் சிபியூதான் திணறுகிறதா? டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்துப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், சரியான டிரைவரே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்ட கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். மடிக்கணினி என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தும், மேசைக்கணினி என்றால் இன்டெல், என்விடியா, ஏஎம்டி ஆகியவற்றில் உங்கள் சிப்பு எதுவோ அதன் தளத்திலிருந்தும் டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். டிரைவர் அப்டேட் செய்து தருவதாகச் சொல்லித் தனியாக வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

மேசைக்கணினிக்காரர்கள் பின்பக்கம் எட்டிப் பார்ப்பதும் நல்லது. தனிக் கிராபிக்ஸ் கார்டு போட்டுவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையிலேயே செருகி வைத்திருப்பவர்கள் நிறைய. கேபிள் கார்டின் துளையில் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் 'வீடியோ டிகோட்' அசையவில்லை என்றால், படி 2-இல் குறித்த வீடியோ வகையையும் உங்கள் சிப்பின் வயதையும் ஒப்பிடுங்கள். எச்.264 என்பது 2003-இல் வந்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வாங்கிய எந்தக் கணினியும் அதைச் செய்யும். எச்இவிசி 2013-இல் வந்தது. இன்டெல்லில் 6-ஆம் தலைமுறைச் சிப்புகள் அதன் 8-பிட் வகையையும் (பிட் எண்ணிக்கை கூடினால் நிறங்கள் நுணுக்கமாகும்), 7-ஆம் தலைமுறைச் சிப்புகள் 10-பிட் வகையையும் சேர்த்துக்கொண்டன. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டுடன் காட்டும்) வீடியோக்கள் பெரும்பாலும் 10-பிட்தான். 'எச்இவிசி சப்போர்ட் உண்டு' என்று போட்டிருக்கிறதே என்று 6-ஆம் தலைமுறைக் கணினியில் ஓட்டினால் நாக்குத் தள்ளும். ஏவி1 இன்னும் புதிது, 2018. இன்டெல் 11-ஆம் தலைமுறை, என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசை ஆகியவற்றிலிருந்துதான் அதற்குச் சுற்று இருக்கிறது.

சிப்புக்குத் தெரியாத வகை என்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. அப்படிப்பட்டவர்களுக்கான வழி கடைசியில் இருக்கிறது.

மடிக்கணினியில் இன்னொன்று: பேட்டரியில் ஓடும்போதும், 'பவர் சேவர்' நிலையிலும் சிபியூ தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைச் செருகிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அதன்பின் திக்கத் தொடங்கினால் சூட்டைச் சந்தேகியுங்கள். டாஸ்க் மேனேஜரின் சிபியூ பக்கத்தில் 'ஸ்பீடு' என்ற எண், அதன் 'பேஸ் ஸ்பீடு' எண்ணுக்கும் கீழே இறங்கியிருக்கும். காற்றுத் துளைகளில் அடைந்திருக்கும் தூசியை எடுத்தாலே பாதி சரியாகும். மெத்தை மேல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

படி 5: பிரவுசரில் மட்டும் திக்கினால்

யூடியூப் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் மூன்று வரிகள் போதும். 'ஃபிரேம்ஸ்' வரியில் எத்தனை விழுந்தது என்று இருக்கும். 'பஃபர் ஹெல்த்' வரியில் இன்னும் எத்தனை நொடி வீடியோ கையிருப்பில் இருக்கிறது என்று தெரியும்; அது பூஜ்யத்தை நோக்கி இறங்கி, வட்டம் சுற்றினால் இணைய வேகம்தான் போதவில்லை. தரத்தை ஒரு படி குறையுங்கள், இல்லை வைஃபையை விட்டுக் கேபிளில் இணையுங்கள். கையிருப்பு தாராளமாக இருந்தும் பிரேம்கள் விழுந்தால் இணையத்தைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, டிகோட்தான் பிரச்சினை.

மூன்றாவது வரி 'கோடெக்ஸ்'. அங்கே ஏவி01 என்று தொடங்கினால் ஏவி1, விபி09 என்றால் விபி9, ஏவிசி1 என்றால் எச்.264. பழைய கணினியில் ஏவி1 ஓடுவதைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். 'எச்264ஃபை' என்ற நீட்சியைப் பிரவுசரில் சேர்த்தால் யூடியூப் எச்.264 வகையையே அனுப்பும். ஒரு குறை உண்டு: அந்த வகையில் 1080பிக்கு மேல் கிடைக்காது. பழைய கணினிக்கு அது நல்ல பேரம் என்பேன்.

நீட்சி போடுமுன் குரோமின் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்' பகுதியில் 'கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்' இயங்குநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் போட்டுவிட்டு, பிரவுசரை மூடித் திறக்க வேண்டும்.

படி 6: கோப்பு வந்து சேரும் பாதை

கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் மெதுவானது என்பதால் வீடியோ திக்குவது அபூர்வம். சாதாரண 1080பி ப்ளூரே வட்டுகளின் வீடியோவே நொடிக்கு 40 மெகாபிட்டைத் தாண்டாது. சாதாரண ஹார்ட் டிஸ்க் அதைப்போல் பல மடங்கு வேகத்தில் படிக்கும். சந்தேகப்பட வேண்டியவை பழுதாகத் தொடங்கிய பென் டிரைவ், வைஃபை வழியாக இன்னொரு கணினியிலிருந்து ஓட்டும் கோப்பு இரண்டும்தான். சோதிப்பது எளிது: கோப்பை உங்கள் கணினிக்குள் நகலெடுத்து ஓட்டுங்கள். திக்கல் போய்விட்டால் பாதையில்தான் கோளாறு.

படி 7: பிரேம் விழவில்லை, ஆனாலும் வெட்டுகிறது

இது பலரைக் குழப்பும் இடம். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது, திரைப்படமோ 24 பிரேம். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரை முறை காட்ட முடியாது என்பதால் ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் மாறி மாறி நிற்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் இது ஒரே சீரான குலுக்கலாகத் தெரியும். மானிட்டரில் 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இரண்டும் 24-ஆல் மீதியின்றி வகுபடும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே', 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்று போனால் 'ரிஃப்ரெஷ் ரேட்' இருக்கும்.

4கே டிவியையோ மானிட்டரையோ இணைத்திருப்பவர்கள் அந்த இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 துளை வழியாக 4கே போனால் நொடிக்கு 30 முறைக்கு மேல் புதுப்பிக்க முடியாது. அதில் 60 பிரேம் வீடியோவை ஓட்டினால் பாதி பிரேம்கள் திரைக்கு வரவே வராது. மவுஸ் அம்புக்குறியை நகர்த்தினாலே இழுபடுவது தெரியும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் திரையை 1080பிக்கு இறக்கி 60 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள்.

சிப்பே ஒத்துவரவில்லை என்றால்

எச்.264 வீடியோவையே சிபியூதான் விரிக்க வேண்டிய நிலை என்றால், விஎல்சியின் அதே 'இன்புட் / கோடெக்ஸ்' பக்கத்தில் 'ஸ்கிப் எச்.264 இன்-லூப் டிபிளாக்கிங் ஃபில்டர்' என்பதை 'ஆல்' என்று வைத்தால் சுமை குறையும். படத்தில் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எச்இவிசி, ஏவி1 கோப்புகளுக்கு மாற்றிக்கொள்வதே வழி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். எச்.264 வகையில், 1080பி அளவில் புதிய கோப்பு கிடைக்கும். பழைய கணினியில் இது மணிக்கணக்கில் எடுக்கும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் முழுப் படத்தையும் கொடுக்கும் முன், 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' வைத்து ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். எச்டிஆர் வீடியோ என்றால் நிறம் வெளுத்துப்போக வாய்ப்புண்டு. அதைக் காலையில் எழுந்து தெரிந்துகொள்வதைவிட இரவே தெரிந்துகொள்ளலாம். மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம், அடுத்த கணினியில் அது அப்படியே ஓடும்.