பிரிக்ஃபிளாட்ஸ் குவேக்கர் கூட்டத்துக்குச் சைக்கிளில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கு இங்கிலாந்தில் செட்பர் ஊருக்குப் பக்கத்தில் பிரிக்ஃபிளாட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மௌன வழிபாட்டுக்குப் பெயர்போன குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1675-இல் கட்டிய கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. செட்டில் ஊரிலிருந்து யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைகளைக் கடந்து சைக்கிளில் அங்கே போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஞாயிறு காலை செட்டிலில் கிளம்பி நேராக வழிபாட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுவது. சுமார் 45 கி.மீ. தானே என்று தோன்றும். ரிபிள்ஹெட்டின் 24 வளைவு ரயில் பாலம் தெரியும் இடத்துக்கு வந்துவிட்டால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்று எதிர்த்து அடித்தால் சமதளம்கூட ஏற்றம் போலத்தான். நான் அப்படித்தான் போனேன், ஐந்து நிமிடம் மீதியிருக்கையில் உள்ளே நுழைந்தேன். அங்கே பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, ஒரு மணி நேரம் மௌனம்தான். அந்த அறையில் கேட்ட ஒரே சத்தம் என் மூச்சிரைப்பு. மனம் அடங்குவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. சனிக்கிழமையே போய் டென்டிலோ செட்பரிலோ தங்கிவிடுங்கள்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். முன்பக்கச் சிறிய பல்சக்கரமும் பின்பக்கப் பெரிய பல்சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் முட்டி தப்பிக்கும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் ஆபத்து அதிகம். நியூபி ஹெட் என்ற மேட்டிலிருந்து டென்ட் பள்ளத்தாக்குக்குச் சாலை சட்டென்று விழுகிறது. பிரேக்கை அழுத்தியபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்பே விட்டுவிட்டுப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பித் தடுப்புகள் மழையில் வழுக்கும். அவற்றை நேராகக் கடக்க வேண்டும், ஹேண்டிலைத் திருப்பக் கூடாது. தாய் ஆடு ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், குட்டி குறுக்கே ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிரத் தொடங்கிய பிறகு ஜாக்கெட்டைத் தேடாமல் உச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வேர்த்த உடம்பு இறக்கத்தில் ஜூன் மாதத்திலும் நடுங்கும்.

சைக்கிள் உடையோடு உள்ளே போகலாமா என்று தயங்க வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் போனோடு கைக்கடிகாரத்தையும் அணைத்துவிடுங்கள். இதயத் துடிப்பைக் காட்டும் கருவி நடுவில் ஒருமுறை பீப் அடித்தால் போதும், அத்தனை பேர் மௌனமும் கலையும். யாராவது எழுந்து பேசினால் உடனே பதில் சொல்ல எழாதீர்கள். அது விவாதம் அல்ல. அந்தச் சொல் அடங்க இடைவெளி விடுவதே அவர்கள் வழக்கம்.

கைகுலுக்கலோடு வழிபாடு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிடாதீர்கள். படிக்கட்டருகே சின்ன மரத்தடுப்பு ஒன்று இருக்கிறது. மேய்ப்பர்கள் தங்கள் நாய்களை அடைத்து வைத்த இடம் அது. குவேக்கர் கூட்டங்களுக்குச் சட்டத் தடை இருந்த காலத்தில், நாயையும் கூட்டிக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தவர்களை அதன் பக்கத்தில் நின்றால்தான் நினைக்க முடியும்.

அங்கிருந்து ஃபர்பேங்க் குன்றை விட்டுவிட்டுத் திரும்புவதும் தவறுதான். 1652 ஜூன் 13 அன்று, குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் அங்கிருந்த சிற்றாலயத்துக்குள் போகாமல், வெளியே பாறை மேலிருந்து ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் பேசினார். பாதை செங்குத்தானது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது போய்வாருங்கள்.