கெட்டிஸ்பர்க் உரையைப் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். பதினொரு பேரில் நான்கு பேர் ஆபிரகாம் லிங்கனை எடுத்திருந்தார்கள். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் நடுவே, அதிபராக இருந்த அவர் ஒரு போர்க்களத்தில் பேசியதுதான் கெட்டிஸ்பர்க் உரை. இருபது வருடத்துக்கு முன் நான் சறுக்கிய அதே இடத்தில் நான்கு பேரும் சறுக்கினார்கள். ஆண்டைத் தப்பாகச் சொல்வது, வடக்குத் தளபதியைத் தெற்கில் சேர்ப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை சரிபார்த்தால் அவை போய்விடும். இங்கே சொல்லப்போவது சரிபார்த்தும் போகாத தவறுகளை.

கடைசி வரியை மட்டும் வெட்டி எடுப்பது

"மக்களால், மக்களுக்காக, மக்களே நடத்தும் ஆட்சிதான் ஜனநாயகம் என்று லிங்கன் வரையறுத்தார்." பள்ளியில் மனப்பாடம் செய்த வரி. ஆனால் லிங்கன் எதையும் வரையறுக்கவில்லை. அந்த உரையில் ஜனநாயகம் என்ற சொல்லே கிடையாது.

அவர் சொன்னதன் சாரம் இது: இங்கே மாண்டவர்கள் வீணாக மாண்டதாக ஆகக் கூடாது, இந்த நாட்டில் சுதந்திரம் புதிதாகப் பிறக்க வேண்டும், மக்களுடைய, மக்களால் ஆன, மக்களுக்கான ஆட்சி இந்த மண்ணுலகிலிருந்து அழிந்துபோகக் கூடாது, இதற்கு நாம் உறுதி ஏற்போம். தமிழில் வாக்கியத்தின் உயிர் வினைமுற்றில் இருக்கிறது. நாம் 'மக்களுக்கான ஆட்சி' வரைக்கும் எடுத்துக்கொண்டு, 'அழிந்துபோகக் கூடாது' என்பதை வெட்டிவிடுகிறோம். அழிந்துவிடுமோ என்ற பயத்தோடு ஒரு மனிதர் எடுத்த சபதம், நம் கையில் இரண்டு மதிப்பெண் விடையாகிவிடுகிறது.

கல்லூரியில் படித்தபோது மாவட்ட அளவில் ஜெயித்து, அடுத்த சுற்றில் இதே வரியைக் குரல் உயர்த்திச் சொல்லி முடித்தேன். கைத்தட்டல் வந்தது. நடுவர்களில் வயதான ஒருவர் மட்டும் கேட்டார்: "தம்பி, இந்த உரையில லிங்கன் 'இங்கே, இங்கே'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரே, அந்த 'இங்கே' எங்கே இருக்கு?" போர்க்களம் என்றேன். "சரி, போர் நடந்து எத்தனை நாள் கழிச்சுப் பேசினார்? அப்போ அங்க என்ன இருந்தது?" எனக்குத் தெரியவில்லை. பரிசு போனது பெரிய விஷயமில்லை. இரண்டு வருடம் மேடை மேடையாக அந்த உரையைச் சொல்லியும் அது எங்கே நின்று பேசப்பட்டது என்று யோசிக்காமல் இருந்தேனே, அது இன்றும் உறுத்துகிறது. போன வாரம் அதே வெட்டை நான்கு தடவை கேட்டபோது எரிச்சலே வந்துவிட்டது.

அங்கே இருந்தது இதுதான். பென்சில்வேனியாவில் உள்ள சிறிய ஊர் கெட்டிஸ்பர்க். 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே சண்டை. இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் என்று இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 51,000 பேர். மூன்றாம் நாள் பிற்பகலில் தெற்குப் படையினர் சுமார் 12,500 பேர், ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில், ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக பீரங்கிகளை நோக்கி நடந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் முழுசாகத் திரும்பவில்லை. ஜூலை வெயிலில் உடல்களை அவசர அவசரமாக மேலோட்டமாகப் புதைத்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில்தான் வடக்கு வீரர்களின் உடல்களைத் தோண்டி எடுத்து, புதிய கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். நவம்பர் 19 அன்று லிங்கன் பேச எழுந்தபோது அந்த வேலை பாதிகூட முடியவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் முடிந்தது. 3,500-க்கும் மேற்பட்ட உடல்கள். பல கற்களில் பெயர் இல்லை.

அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் 'முடிவடையாத வேலை' என்று சொன்னார். ஏறக்குறைய 270 சொற்கள்தான். அதில் எட்டு முறை 'இங்கே' வருகிறது. இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை ஒவ்வொரு 'இங்கே'வுக்கும் மேசையில் கை வைக்கச் சொல்கிறேன். ஐந்தாவது முறை வரும்போது குரல் தானாகவே இறங்கிவிடும். அதற்கப்புறம் கடைசி வரியை யாராலும் கோஷமாகச் சொல்ல முடிவதில்லை.

கெட்டிஸ்பர்க்கோடு போர் முடிந்தது போலப் பேசுவது

கெட்டிஸ்பர்க் திருப்புமுனைதான், ஆனால் முடிவு இல்லை. ஜூலை 4 அன்று தெற்குத் தளபதி ராபர்ட் லீயின் படை பின்வாங்கத் தொடங்கியது. அதே நாளில் மேற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில், 47 நாள் முற்றுகைக்குப் பிறகு விக்ஸ்பர்க் நகரம் வடக்குத் தளபதி கிராண்ட்டிடம் சரணடைந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாரத்தின் கனம் புரியும். விக்ஸ்பர்க்கைச் சொல்பவர்களே குறைவு.

லீ சரணடைந்தது 1865 ஏப்ரல் 9 அன்று. இடையில் 1864 ஆகஸ்டில், அதிபர் தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று லிங்கனே நினைத்தார். செப்டம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மன் தெற்கின் அட்லாண்டா நகரைப் பிடித்த பிறகுதான் காற்று திரும்பியது. 'அழிந்துபோகக் கூடாது' என்று அவர் சொன்னபோது, அழியாது என்று யாருக்கும் உறுதியில்லை.

ஒரே கையெழுத்தில் அடிமைத்தனம் ஒழிந்தது என்பது

அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தின் வரைவு 1862 ஜூலையிலேயே தயார். தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் கையாலாகாதவன் போடும் சத்தமாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்று அமைச்சர் சீவர்ட் சொன்னார். செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் சண்டை. ஒரே நாளில் இரு தரப்பிலும் சுமார் 23,000 பேர் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். லிங்கன் அதையே வெற்றியாக எடுத்துக்கொண்டார். ஐந்தே நாளில் முதல் அறிவிப்பு வந்தது. 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதும், வடக்கோடு நின்ற கென்டக்கி, மேரிலாண்ட் போன்ற மாநிலங்களின் அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுவதும் ஒழிந்தது 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தத்தால்.

ரயிலில் தபால் உறையின் பின்பக்கம் உரையை எழுதினார் என்பது

கட்டுக்கதை. வாஷிங்டனிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

எட்வர்ட் எவரெட்டை மட்டம் தட்டுவது

அன்று முதன்மைப் பேச்சாளர் அவர்தான். இரண்டு மணி நேரம் பேசினார். மூன்று நாள் போரையும் விவரித்தார். கூட்டம் வந்ததே அதைக் கேட்கத்தான். லிங்கன் ஒரு தளபதியின் பெயரைக்கூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வர முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நான் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்றதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டீர்கள் என்ற பொருளில் மறுநாளே லிங்கனுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. அப்படிப்பட்டவரை மேடையில் கேலி செய்யாதீர்கள்.

மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதம்

அவர் எழுதியதற்கு ஆதாரமே இல்லை. விட்டுவிடுங்கள்.

'யார்மீதும் பகையின்றி' என்று தொடங்குவது

இதுவும் அதே வெட்டுதான். 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்றபோது லிங்கன் பேசியது. அந்த வரி உரையின் கடைசிப் பத்தியில் வருகிறது. அதற்குச் சற்று முன்னால் அவர் சொல்வது வேறு: அடிமைகள் 250 ஆண்டு கூலியில்லாமல் உழைத்துச் சேர்த்த செல்வம் மூழ்கும் வரை, சாட்டை எடுத்த ஒவ்வொரு சொட்டு ரத்தத்துக்கும் வாள் எடுக்கும் ரத்தம் ஈடாகும் வரை, போர் தொடர வேண்டும் என்று கடவுள் நினைத்தால், அப்போதும் கடவுளின் தீர்ப்பு நியாயமானதே என்கிறார். மேடையில் சொல்வதானால் முதலில் இதைச் சொல்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், அப்புறம் 'யார்மீதும் பகையின்றி' என்று வாருங்கள். அவர் பேசிய வரிசை அதுதான்.