ஆடிக்குச் சேலம் வருபவர்கள் பத்திர வேலையை வெளிநாட்டிலிருந்தே தொடங்கிவிடுங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் சேலத்துக்காரர்களுக்கு ஆடி மாதத்தின் மேல் தனி ஆசை. கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை, பதினெட்டாம் பெருக்கு எல்லாம் அப்போதுதான். வாருங்கள், ஆனால் அதே லீவில் அப்பா பெயரிலுள்ள வீட்டுக்குப் பட்டாவையும் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டு வராதீர்கள். பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அதற்கு முன்னும் பின்னும் அலுவலக நாற்காலியில் ஆள் இருக்காது.

இறந்துபோன அப்பாவின் பட்டாவை மாற்றக் கேட்கும் வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுப்பது சுலபம். இழுப்பது அதற்குப் பிறகுதான். என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக நிற்கிறது, பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல், இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதல். மூன்றும் ஒரே குடும்பம்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். ஒருநாள் அதிகாரி மீட்டிங்கில், மறுநாள் ஃபீல்டில், அடுத்த நாள் சர்வர் வேலை செய்யவில்லை. வெளியே மர பெஞ்சில் தறி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு பெரியவர் காலையிலிருந்து பட்டினியாக உட்கார்ந்திருந்தார். எனக்காவது டிக்கெட்டை மாற்றப் பணம் இருந்தது, அவருக்கு அன்றைய கூலியே போச்சு. இப்படி மனிதரை அலைக்கழிப்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கடைசியில் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் என்னை எதுவும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கேட்டார்கள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, கஞ்சி வைத்துக் கொடுத்தது எல்லாம் அவர்தான். நான் அப்பாவின் மகன்தான் என்று அந்த அக்கா கையெழுத்துப் போட்ட பிறகே சான்றிதழில் என் பெயர் ஏறியது.

அதனால் வெளிநாட்டிலிருந்து கிளம்புமுன் பெயர் வித்தியாசங்களைப் பாருங்கள், வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்திலேயே எடுத்துப் பாருங்கள். நம்பிக்கையான ஆள் இருந்தால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அப்புறம், "ஒரு கையெழுத்துதான் கண்ணு, போட்டுட்டு ஏற்காடு போயிட்டு வா" என்று அத்தை நீட்டினாலும் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாசம் வேறு, பங்கு வேறு.

ஏற்காட்டுக்குச் சனி, ஞாயிறு வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நகராது. வார நாளில் போய், ஏரியோடு திரும்பிவிடாமல் சேர்வராயன் குகைக் கோயில் வரை ஏறுங்கள், மலைக்கே அந்தச் சாமியின் பெயர்தான்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். அங்கே இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியிடமிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமென்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் அடுத்த லீவு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள்.