மிதி கடைசலில் கிண்ணம் வெடிக்காமல் இருக்க

காலால் மிதித்து மரத்தைச் சுழற்றி, உளியால் கடையும் கருவியான கடைசலுக்கு ஈரம் காயாத பச்சை மரமே நல்லது. காய்ந்த அயனி மரத்தில் உளி வைத்தால் கால்தான் ஓயும். ஈரப் பலாவில் சீவல் நாடா மாதிரி சுருண்டு வரும். தடியை நடுவில் பிளந்து, நடுத்தண்டுப் பகுதியை, அதாவது தடியின் நட்டநடு மையத்தை, செதுக்கி எறிந்துவிடுங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

கயிறும் வளைகம்பும் உள்ள கடைசலில் மரம் முன்னும் பின்னும் சுற்றும். மிதிக்கும்போது மட்டும் உளி படட்டும்.

கனம்தான் முக்கியம். விளிம்பை மெல்லியதாக்கிவிட்டு அடியைத் தடிமனாக விடாதீர்கள். விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடி சுருங்காது, இடையில் கீறிவிடும். எங்கும் ஒரே கனமாக, சின்னக் கிண்ணத்துக்கு 7, 8 மில்லிமீட்டர் போதும்.

அப்புறம் உலர்த்தல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் நாளில் திண்ணையில் வைத்த என் பலாக் கிண்ணம் ஒரே இரவில் பிளந்தது. மனசே ஆறவில்லை. இப்போது சீவலுக்குள் புதைத்து, சாக்கில் கட்டி, காற்றுப் படாத மூலையில் வைக்கிறேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்; இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காய்ந்த சீவல் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. வாய் லேசாக முட்டை வடிவமாகும், பச்சை மரத்தில் அது இயல்பு.