சீரியல் செட்டில் புது உதவி இயக்குநர்கள் தவிர்க்க வேண்டியவை

டெய்லி சீரியலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதே பழைய தவறுகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கிளாப்பில் நம்பர் மாறுவது, புடவை கன்டினியூட்டி போவது (ஒரே காட்சியில் ஷாட்டுக்கு ஷாட் புடவை மாறிவிடுவது) எல்லாம் திட்டு வாங்கியே சரியாகிவிடும், விடுங்கள்.

ரியாக்‌ஷனை மொத்தமாக அள்ளுவது

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்சி வேண்டும், அதையும் ஏறக்குறைய ஒரே நாளில் எடுத்தாக வேண்டும் என்பதால் லைட்டை ஒரு பக்கம் வைத்து அங்கே நிற்பவர்களின் க்ளோசப்பை வரிசையாக எடுத்துத் தள்ளுகிறோம். சரி, வேறு வழியில்லை. ஆனால் "எல்லாரும் ஷாக்கா பாருங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு சீரியலில் மருமகளின் நகை அடகுக்குப் போன விஷயம் கூடத்தில் வெடிக்கிறது. கதைப்படி மாமியாருக்கு அது முன்பே தெரியும். செட்டில் யாரும் அந்த அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவரும் கண்ணை விரித்து, நெஞ்சில் கை வைத்து, பிரமாதமாக அதிர்ந்தார், ஒளிபரப்பும் ஆகிவிட்டது. அப்புறம் "எனக்கு அப்பவே தெரியும்" என்று அவர் சொல்ல வேண்டிய காட்சி வந்தது. எடிட்டர் பழைய ஷாட்டை எல்லாம் தேடினார், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அந்த அதிர்ச்சியே நாடகம் என்று சமாளிக்கப் புதுக் காட்சி எழுதி, மறுபடி கால்ஷீட் வாங்கி, ஒரு நாள் வாடகையும் பேட்டாவும் தண்டம். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்மா, நம்ம பேரும் வெளிய வந்துடுமோன்னு பாருங்க" என்று காதில் ஒரு வரி போட்டிருந்தால் போதும், முந்தானை நுனியைப் பிடித்தபடி மருமகளைப் பார்க்காமல் மகனைப் பார்த்திருப்பார், அதிலிருந்தே ஒரு வாரத்துக்குக் கதை கிடைத்திருக்கும்.

ப்ராம்ப்டிங்

கேமராவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும்போது நீள வசனத்தை ஒரே மூச்சில் ஒப்பிக்காதீர்கள். நடிப்பவர் உங்கள் குரலுக்குக் காது கொடுத்தால் எதிரில் நிற்பவரைப் பார்க்க மறந்துவிடுவார். அர்த்தம் முடிகிற இடத்தில் நிறுத்திக் கொடுங்கள்.

கனவு

சனிக்கிழமை எபிசோடில் கன்னத்தில் விழுந்த அறையைத் திங்கட்கிழமை "எல்லாம் கனவு" என்று ஆக்காதீர்கள்.

டிஆர்பி வந்ததும் ட்ராக் மாற்றுவது

வியாழக்கிழமை ரேட்டிங் இறங்கினால் கதை மாறத்தான் செய்யும். அதற்குள் எடுத்து பேங்கில், அதாவது ஒளிபரப்பாமல் கையிருப்பில், வைத்த எபிசோட்கள் பழைய ட்ராக்கிலேயே இருக்கும். புது சீனை எழுதுவதற்கு முன் அவற்றை எடிட் சூட்டில் உட்கார்ந்து பாருங்கள், யாருக்கு எது தெரியும் என்று குறித்து டயலாக் ரைட்டர் கையில் கொடுங்கள்.