விடை வந்த பின்னும் ஒரு வேலை உண்டு: பத்தாம் வகுப்புக் கணக்குகளைச் சரிபார்த்துச் செய்யும் முறை

பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைத் திருத்தும்போது என்னை மிகவும் வருத்துபவை, ஒன்றும் எழுதாமல் விடப்பட்ட பக்கங்கள் அல்ல; சூத்திரத்தைச் சரியாக எழுதி, படிகளையும் வரிசையாகப் போட்டு, நடக்கவே முடியாத ஒரு விடைக்கு அடிக்கோடு இட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்ட பக்கங்கள்தாம். விடை சரியா என்று பார்க்கும் வழி பெரும்பாலும் வினாவுக்குள்ளேயே இருக்கிறது. இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் ஆகிய மூன்றிலும் அவ்வழி வெவ்வேறாக அமைவதால், ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கைச் செய்து காட்டுகிறேன்.

ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம்; பரப்பளவு 84 சதுர மீட்டர் எனில் பக்கங்களைக் காண்க. இதில் முதலில் எழுத வேண்டியது சமன்பாடு அன்று. "அகலம் எக்ஸ் மீட்டர் என்க" என்ற வரிதான். நீளம் எக்ஸ் + 5 ஆவதால் எக்ஸ்² + 5எக்ஸ் − 84 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். மாறிலி உறுப்பு குறை எண்ணாக இருப்பதால், 84-இன் காரணிச் சோடிகளில் வித்தியாசம் 5 வருவதைத் தேட வேண்டும். 6, 14 பொருந்தாது, 7, 12 பொருந்தும். காரணி கண்ணில் படாவிட்டால் தன்மைகாட்டியை (எக்ஸ்-இன் கெழுவின் வர்க்கத்திலிருந்து, எக்ஸ்²-இன் கெழுவையும் மாறிலியையும் பெருக்கி வருவதன் 4 மடங்கைக் கழித்தது) கணக்கிடுங்கள்: 25 + 336 = 361 என்பது 19-இன் வர்க்கம் என்பதால் காரணிப்படுத்த முடியும் என்பது உறுதியாகிவிடும். எக்ஸ் = 7 அல்லது −12; அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்ற காரணத்தை எழுதியே −12-ஐ நீக்க வேண்டும். பிறகு 7, 12 என்ற விடைகளைச் சமன்பாட்டில் அல்ல, வினாவில் பொருத்திப் பாருங்கள். சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தால், தவறான விடையும் அதில் அழகாகப் பொருந்திவிடும்.

வடிவியலில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏபிசி என்ற முக்கோணத்தில், பிசி பக்கத்துக்கு இணையாக டிஇ என்ற கோடு மற்ற இரு பக்கங்களையும் வெட்டுகிறது. ஏடி 6 செ.மீ., டிபி 4 செ.மீ., ஏஇ 9 செ.மீ., பிசி 15 செ.மீ. என்று கொள்வோம். இசி கேட்கப்பட்டால், தேல்ஸ் தேற்றம் என்று நாம் படிக்கும் அடிப்படை விகிதசமத் தேற்றத்தின்படி (ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும்) 6/4 = 9/இசி என்று எழுதி 6 செ.மீ. எனக் காணலாம். ஆனால் டிஇ கேட்கப்பட்டாலும் பலர் அதே 6/4-ஐ எடுத்துக்கொண்டு 22.5 செ.மீ. என்று எழுதிவிடுகிறார்கள். படத்தை ஒருமுறை பார்த்திருந்தால், முக்கோணத்துக்குள் இருக்கும் கோடு அதற்கு இணையான அடிப்பக்கத்தைவிட நீளமாக இருக்க முடியாது என்பது தெரிந்திருக்கும். இங்கே பயன்படுவது வடிவொத்த முக்கோணங்களின் விகிதம்; ஆகவே சிறிய முக்கோணத்தின் பக்கமான 6-ஐப் பெரிய முக்கோணத்தின் முழுப் பக்கமான 10-உடன் ஒப்பிட வேண்டும். டிஇ = 15 × 6/10 = 9 செ.மீ. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, இரண்டு முக்கோணங்களையும் தனித்தனியாக வரைந்து பக்க அளவுகளைக் குறிக்கச் சொல்வேன். அதற்காகும் அரை நிமிடம் வீணன்று. பொதுவாக, பக்கங்கள் சமம் என்பது வினாவிலிருந்து கிடைக்காதபோது படத்தை இருசமபக்க முக்கோணமாக வரையவும் கூடாது, ஏனெனில் வினாவில் இல்லாத சமத்துவத்தைக் கண் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

புள்ளியியலில் வழிமுறை எளிது, கூட்டல் பிழைதான் எதிரி. 4, 6, 7, 9, 14 ஆகியவற்றின் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) காண, கூடுதல் 40, சராசரி 8 என்று கண்டு, விலக்கங்களை −4, −2, −1, 1, 6 என எழுதுங்கள். வர்க்கப்படுத்தும் முன் இவற்றைக் கூட்டிப் பாருங்கள். சுழியம் வராவிட்டால் சராசரியிலோ கழித்தலிலோ பிழை இருக்கிறது, அங்கேயே நின்று திருத்துங்கள். வர்க்கங்களின் கூடுதல் 58, அதை 5-ஆல் வகுக்க விலக்க வர்க்கச் சராசரி 11.6, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.41. திட்ட விலக்கம் ஒருபோதும் வீச்சில் (மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) பாதியைத் தாண்டாது; இங்கே வீச்சு 10, அதில் பாதி 5. வர்க்கமூலம் எடுக்க மறந்து 11.6 என்றே முடித்திருந்தால், இந்த ஒப்பீட்டிலேயே பிழை பிடிபட்டிருக்கும்.